நாலு மணி நேர மத்திய அரசு மாப்பிள்ளை

மரியாதைக்குரிய மாமா ரத்தினசாமி அவர்கள் சமூகத்திற்கு, மருமகன் பாண்டிச்செல்வம் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் தங்கள் மகள் ரோஜாவும் நலம். காரியாபட்டியில் மழை உண்டா? இங்கே பட்டாசு சீசன், மழை வேண்டாம் என்று ஊரே வேண்டிக்கொண்டிருக்கிறது.

மாமா, 'மத்திய அரசு மாப்பிள்ளை' என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கிராமத் தபால் ஆபீஸில் எனக்கு வேலை ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரைதான். சம்பளமும் அந்த நாலு மணி நேரத்துக்குத்தான். அந்த நேரத்தில் ஊரில் ஈ காக்கை கிடையாது. ஏழு மணிக்கே பட்டாசுக் கம்பெனி வண்டி சனத்தை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. ரிஜிஸ்டர் தபாலுக்கு யாரிடம் கையெழுத்து வாங்குவது, ஆட்டிடமா? சாயங்காலம் வண்டி திரும்பியதும் மொத்த ஊரும் என் வாசலில். ஆபீஸுக்கு இடமும் நானே குடுக்கணும்னு விதி, அதனால எங்க முன் ரூம்தான் ஆபீஸ். நேத்து சோத்துல கை வச்சிருக்கேன், பட்டாசு மருந்து ஒட்டின கையோட அய்யம்மாள் உள்ள வந்து, "தம்பி, பாஸ்புக்குல வரவு போட்டுக் குடு, காலையில வேலைக்குப் போகணும்"ங்குது. "ஆபீஸ் மூடியாச்சுக்கா"ன்னா, "வீடு தொறந்துதான இருக்கு!"ங்குது.

போன வாரம் பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். நானும் ஒரு பல்லியும்தான் இருந்தோம். "வேலையே இல்லையே, நாலு மணி நேரமே அதிகமோ?"ன்னு நோட்டுல எழுதிட்டார் மாமா! சாயங்காலம் வந்து பாருங்க சார்னா, "அது ஆபீஸ் நேரம் இல்லையே"ங்கிறார். வயிறு எரியுமா எரியாதா?

போதும். ராஜினாமா எழுதியாச்சு, முத்திரையும் நானே குத்தியாச்சு. நாளைக் காலைத் தபால் பையில போகும். உங்க சிநேகிதர் சங்கரபாண்டியன் பட்டாசுக் கம்பெனியில எனக்கு ஒரு எடம் சொல்லி வைங்க. வெடிமருந்து கலக்குற மருந்து ரூமே ஆனாலும் சரி.

அத்தைக்கு என் வணக்கம், கொழுந்தியாள் பானுப்பிரியாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்
பாண்டிச்செல்வம்

பின்குறிப்பு: ரோஜா இதைப் படித்துவிட்டு ராஜினாமாவை அடுப்பில் போட்டுவிட்டாள். "எங்கப்பா சாத்தூர்ல மருந்து ரூமுக்குப் போன காலத்துல, எங்கன வெடிச் சத்தம் கேட்டாலும் எங்கம்மா வாசலுக்கு ஓடும். அந்த ஓட்டம் என்னால ஓட முடியாது. நீங்க சோறு ஆறிப்போனாலும் என் கண்ணு முன்னாலயே முத்திரை குத்துங்க" என்கிறாள். ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் கொள்ள வேண்டாம். பக்கத்து ஊர் தபால் ஆபீஸிலும் இடம் காலியாம். பானுப்பிரியா பத்தாவதில் நல்ல மார்க்குதானே? உடனே விண்ணப்பம் போடச் சொல்லவும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.