மரமேறிய முதலையும் அமெரிக்கப் பூங்காவும்

பாம்பூஃப்ளாட்,
12-8-1966.

மகா கனம் பொருந்திய அத்தான் சின்னப்பன் அவர்களுக்கு, கடலுக்கு இந்தப் பக்கம் இன்னும் உயிரோடிருக்கும் மைத்துனன் அடைக்கலசாமி தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், என் மனைவி செல்லம், மகன் சவரிராயன், உம்முடைய மனைவியும் என் அக்காளுமாகிய ஞானசெல்வி நால்வரும் மாதா கிருபையால் சுகம். தூத்துக்குடியில் உமது சுகமும் மருமகள் சகாயசெல்வியின் சுகமும் அறிய ஆவல். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயம்.

போன கப்பலில் அக்காளிடம் நீர் கொடுத்தனுப்பிய பத்திரிகைத் தாளைப் படித்தேன். அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் என்று ஒரு பூங்காவாம், அதைப் பற்றிச் சுவையான செய்திகளாம். அதன் ஓரத்தில் சிவப்பு மையில் நீர் எழுதியதையும் படித்தேன். "உலகம் எங்க போயிட்டுன்னு பாரும். உம்ம காட்டுக்கும் கொசுவுக்கும் எம் மவள எப்படி அனுப்ப? மெட்ராஸ்ல ஒரு மாப்பிள்ளை கேட்டு வந்திருக்கான்." அக்காள் வந்து தீவைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் முடிவு என்றும் எழுதியிருந்தீர். பாரும் அத்தான், பிறந்த அன்றைக்கே என் மகனுக்கென்று பேசி வைத்த பெண்ணை ஒரு கிழிந்த தாளைக் காட்டித் தடுக்கிற ஆள் உலகத்திலேயே நீர் ஒருவர்தான்.

அந்தத் தாளில் என்னதான் இருக்கிறது? கோட்டையில் மேலே போகப் போகக் கல்லைச் சின்னதாக வைத்தார்களாம், உயரமாகத் தெரியுமாம். என் வீட்டுச் சுவரிலும் மேலே போகப் போகப் பலகை சின்னதுதான். பலகை தீர்ந்துபோனதால் அப்படி ஆயிற்று, இருந்தாலும் உயரமாகத்தான் தெரிகிறது. முப்பது அடிக்கு ஒரு குப்பைத்தொட்டியாம். எங்களுக்குச் சட்டைப் பொத்தான்கூட மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும், நாங்கள் எதைத் தொட்டியில் போட? திறப்பு விழா அன்று தார் இளகிச் சீமாட்டிகளின் செருப்பு புதைந்ததாம், குழாயில் தண்ணீர் வரவில்லையாம், எவனோ மதிலில் ஏணி வைத்து ஆள் ஏற்றிக் காசு பார்த்தானாம். இதெல்லாம் ஒரு பெருமையா அத்தான்? இதில் ஒன்றாவது இங்கே நடக்கவில்லை என்று சொல்லும் பார்ப்போம்!

ஆனாலும் ஒரு செய்தி என் தச்சன் மூளையில் தைத்துவிட்டது. காட்டு ஆற்றில் படகு விடுகிறார்களாம், நிஜ மிருகம் நேரத்துக்குத் தலைகாட்டாது, தூங்கிவிடும் என்று எல்லாவற்றையும் இயந்திரத்தில் செய்து வைத்தார்களாம். அதுவும் நியாயம்தானே? எங்கள் ஓடையில் நிஜ முதலை உண்டு, ஆனால் அக்காள் பார்க்க வருகிற நேரத்துக்கு அது வர வேண்டுமே. ஆகவே லேசான மரத்தில் எட்டடி முதலை ஒன்று செய்தேன். வாய்க்குக் கீல் போட்டுக் கயிறு கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஏறி நின்ற நேரத்தில் அதைக் கண்டல் மரக் கிளையில் கட்டி மிதக்கவிட்டு, கயிற்று நுனியைப் பலசரக்குக் கடை உதுமானிடம் கொடுத்து மறைவில் உட்கார வைத்தேன். போர்ட் பிளேருக்குப் பூசைக்குப் போன அக்காள் பத்து மணி ஃபெரியில் திரும்புவாள் என்று நினைத்தேன். வழியில் யாரோ பங்குக்காரர் வீட்டில் காப்பி, பேச்சு. வந்தது ஒரு மணிக்கு. நாலு தலைமுறைக் கடற்கரைக்காரன், கடல் வற்றும் என்பதை மறந்தேன்.

என் டுங்கிப் படகில் அவளை ஏற்றி ஓடைக்குள் வளைந்து, "அக்கா, அந்தா பாரு!" என்று கை நீட்டினேன். முதலை தண்ணீரில் இல்லை. தண்ணீரே இல்லை. ஆளுயரத்துக்கு மேலே கிளையில் கருவாடு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. உதுமான் விசுவாசி, காலையிலிருந்து சோறு தண்ணி இல்லாமல் காத்திருந்தவன், என் குரல் கேட்டதும் கயிற்றை இழுத்தான். அந்தரத்தில் முதலை வாயைத் திறந்து திறந்து மூடியது.

"ஏலே அடைக்கலம், ஒங்க ஊர்ல முதலை மரமேறுமால?" என்றாள் அக்காள்.

"அரே பாய், போதுமா, இன்னும் இழுக்கவா?" என்று மரத்துக்குப் பின்னாலிருந்து கேட்டான் உதுமான்.

அத்தோடு டுங்கியும் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இறங்கித் தள்ளப் போன என் கால் முழங்கால் வரை புதைந்தது. அமெரிக்காவில் தார், இங்கே சேறு, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு மணி நேரம் கழித்துச் சவரிராயன் பலகைகளோடும் ஒரு கெட்டில் தேத்தண்ணியோடும் வந்தான். சேற்றில் பலகையை ஒவ்வொன்றாகப் பரப்பி, தானே இடுப்பளவு இறங்கி நின்று அக்காளைக் கையைப் பிடித்து நடத்தினான். பாதி வழியில் அவள் நின்றாள்.

"எம் மவளயும் இப்படித்தான் சேத்துல கொண்டு விடுவியாடே?"

"இல்ல அத்தை. நான் கடல் ஏத்தம் வத்தம் பாத்துத்தான் டுங்கி இறக்குவேன். இது அப்பா பாத்த வேல."

பெற்ற தகப்பனை எப்படி விட்டுக்கொடுத்தான் பார்த்தீரா? அக்காள் வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி, உமக்கு ஒரு கடிதம் எழுதி, சோற்றுப் பசை வைத்து ஒட்டி தான் வந்த கப்பல் திரும்பும்போது அதிலேயே அனுப்பிவிட்டாள். என்ன எழுதினாய் என்றேன். "புருசன் பொண்டாட்டி பேச்சு ஒனக்கெதுக்கு?" என்றாள்.

என்ன எழுதியிருந்தால் எனக்கென்ன? நான் உம் காலில் விழ மாட்டேன். காடுதான், கொசுதான், கடிக்கத்தான் செய்யும். இந்தக் காட்டில் நானே வெட்டிய மரத்தில் நானே கட்டிய வீடு இது, பார்க்க யாரிடமும் டிக்கெட்டு கேட்பதில்லை. பெண்ணை அனுப்ப மனமில்லையா, மெட்ராஸ்காரனுக்கே கொடும். இங்கே வடக்கிலுள்ள ரங்கத்திலிருந்து இரண்டு வீட்டார் என் மகனைக் கேட்டு நடையாய் நடக்கிறார்கள். (ஒருவர் நடந்தார், அதுவும் கதவு செய்யச் சொல்லத்தான். இருக்கட்டும்.) இனி இந்தச் சம்பந்தப் பேச்சை நான் எடுக்கப்போவதில்லை.

உமக்கும் உம் வீட்டாருக்கும் பனிமய மாதா எல்லா நன்மையும் அருளட்டும், கூடவே கொஞ்சம் புத்தியும்.

இங்ஙனம்,
தலை வணங்காத மைத்துனன்
ச. அடைக்கலசாமி

பின்குறிப்பு: இன்று காலை கப்பல் வந்தது. உம் கடிதமும் வந்தது. "அந்தப் பையன் கையில நம்ம மவள கண்ண மூடிட்டுக் குடுக்கலாம்" என்று அக்காள் எழுதினாளாம், நீரும் சம்மதித்து மெட்ராஸ்காரனுக்கு இல்லை என்று சொல்லிவிட்டீராம், சகாயசெல்வியோடு அடுத்த கப்பல் ஏறுகிறீராம். மூன்று நாள் உட்கார்ந்து எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. ஆகவே தோத்திரத்தைப் படித்துவிட்டு நேரே இந்த இடத்துக்கு வந்துவிடும், நடுவில் உள்ளது வேறு எந்த அத்தானுக்கோ எழுதியது. தலையும் வணங்கிவிட்டேன். முதலையைப் பார்க்க வேண்டும் என்று மருமகள் ஆசைப்படுகிறாளாம், தாராளமாகப் பார்க்கட்டும். வரும்போது பச்சை பெயிண்ட் ஒரு டப்பா வாங்கி வாரும். கடல் ஏறுகிற நேரம் பார்த்து வாரும், வற்றினால் அது மரத்தில்தான் இருக்கும்.