ரெண்டு பாட்டிலும் ஒரே கசப்பு

மதிப்பிற்குரிய டாக்டர் அக்காவுக்கு, படிப்பைப் பாதியில் விட்ட தம்பி மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். வெறுமனே நலம் என்றால் நீ ஆதாரம் கேட்பாய். ஆகவே ஆதாரத்தோடு எழுதுகிறேன்.

முதலில் என் சுயலாபத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சி செய்கிறவன் அதை மறைக்கக் கூடாது என்று நீதான் சொன்னாய். அப்பாவின் கை நடுக்கம் நிற்காவிட்டால் தையல் கடையின் கத்தரிக்கோல் என் கைக்கு வரும். ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத என்னிடம் அடுத்தவர் துணியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். போன மாதம் அப்பா ஒரு கோட்டுத் துணியைக் கோடு விலகி வெட்டிவிட்டார். ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு நம் வீட்டில் டிவி ஓடவில்லை.

நீ அனுப்பின மாத்திரைய அவர் தொடவே இல்ல. "மாத்திரை சாப்பிட்டா நான் நோயாளி, பொடி சாப்பிட்டா நான் டெய்லர்"னு சொல்லிட்டு, எங்கிருந்தோ ஒரு பொடி வாங்கிட்டு வந்து தண்ணியில கலக்கிக் குடிச்சாரு. "இதக் குடிச்சு எத்தனை பேருக்குக் கை நின்னுருக்கு தெரியுமாடா?"ன்னாரு. "நிக்காதவங்க எத்தனை பேருப்பா?"ன்னேன். "அவங்க எதுக்குடா திரும்பி வந்து சொல்லப் போறாங்க?"ன்னாரு. அதத்தான் நானும் கேக்குறேன்னு சொன்னா, "காலேஜ்ல இருந்தப்ப இந்த வாய் எங்க போச்சு?"ன்னு என் பக்கம் திருப்பிட்டாரு.

சரின்னு நீ சொன்ன ஆராய்ச்சி வகையெல்லாம் யோசிச்சேன். நிறையப் பேரைச் சேத்து, குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவுன்னு குடுத்துப் பாக்குறது நல்லதுன்னு நீ சொன்ன. நம்ம வீட்ல இருக்கிறது ஒரே ஒரு அப்பா. அதனால ஒரே ஆளுக்கே மாத்தி மாத்திக் குடுத்துப் பாக்குற முறைய எடுத்தேன். ரெண்டு பாட்டில். ஒண்ணுல பொடி, இன்னொண்ணுல அதே நிறத்துல மாவு. எதுல எதுன்னு அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நிரப்புற அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். எந்த வாரம் எந்த பாட்டில்னு பூவா தலையா போட்டேன். "என் கை நடுங்குறதுக்கு நீ காசு சுண்டுறியா?"ன்னாரு அப்பா. ஆனா ஒத்துக்கிட்டாரு. பொடி ஜெயிச்சிடும்னு அவ்வளவு நம்பிக்கை.

பரீட்சை என்னன்னா, பழைய பேப்பர்ல சாக்பீஸ்ல கோடு போட்டு, கோட்டு மேலயே வெட்டணும். மார்க் போடறது எதிர்க் கடை இஸ்திரிக்காரர். எந்த பாட்டில்னு அவருக்கும் தெரியாது. மொத வாரம் அப்பா, "கசக்குது, இதான் பொடி"ன்னாரு. அடுத்த பாட்டிலுக்கு மாறினதும், "இதுவும் கசக்குதேடா"ன்னு முழிச்சாரு. நான் அம்மாகிட்டப் போய், "மாவு எப்படிம்மா கசக்கும்?"னு கேட்டா, "உனக்குத் தெரியக் கூடாதுன்னு நீதானே சொன்ன? போய் வேலையப் பாரு"ன்னு கரண்டியக் காட்டினாங்க. சட்டம் போட்டவனே நான்.

போகப் போக வெட்டு நேராச்சு. ரெண்டு பாட்டிலுக்கும் நேராச்சு. இஸ்திரிக்காரர் பேப்பர வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, "இதுல நல்லது எது, கெட்டது எதுன்னு நான் எப்படி மாஸ்டர் பிரிப்பேன்? எல்லாம் ஒரே வெட்டு"ன்னாரு. பொடிக்கும் மாவுக்கும் வித்தியாசமே இல்லக்கா. அத அப்பாகிட்டச் சொன்னேன். அவர் கழுத்துல இருந்த இஞ்ச் டேப்ப எடுத்து மெதுவாச் சுருட்டினாரு. "அப்போ பொடி இல்லாமலே என் கை நிக்குதாடா?"ன்னாரு. "ஆமாப்பா." பொடி டப்பாவ அவரே குப்பையில போட்டாரு. அன்னைக்கு சாயங்காலமே புதுக் கோட்டுத் துணிய விரிச்சு வெட்டினாரு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன், வெட்டு கோடு விலகல.

ஆக முடிவு இதுதான்: நடுக்கம் தானா வந்துச்சு, தானாப் போச்சு. சில தொந்தரவு அப்படிப் போகும்னு நீயே சொல்லியிருக்க. இனிமே மாத்திரை அனுப்பாத. அப்பாவுக்கு எந்த மருந்தும் தேவையில்ல. அடிச்சுச் சொல்றேன்.

உன்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் குணமாகவும், நீ வேளைக்குச் சாப்பிடவும் வேண்டிக்கொள்ளும்,
உன் தம்பி.

பின்குறிப்பு: கவர ஒட்ட நாலு நாள் தள்ளிப் போட்டேன், அதுக்குள்ள எல்லாம் தலைகீழ். பாட்டில நிறுத்தின பிறகு அப்பா கை மறுபடி ஆட ஆரம்பிச்சிருச்சு. அம்மா அடுப்ப அணைச்சிட்டு வந்து, "ரெண்டு பாட்டில்லயும் அக்கா அனுப்பின மாத்திரைய இடிச்சுப் போட்டேன்டா"ன்னாங்க. எல்லார் கண்ணையும் கட்டினேன், அம்மா கண்ண மட்டும் கட்டலக்கா. "ஐயோ, என் ஆராய்ச்சி போச்சேம்மா!"ன்னு கத்தினேன். "உனக்கு ஆராய்ச்சி. எனக்குப் புருஷன்"னாங்க. அப்பா வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்திருக்காரு. திட்டப் போறாருன்னு நெனச்சேன். கிட்ட வந்து, ஆடுற கைய அம்மா முன்னாடி நீட்டினாரு.

"இடிக்காமக் குடு."

அம்மா எடுத்துக் குடுத்தாங்க. அதுதான் கடைசி மாத்திரை. மேல எழுதினதெல்லாம் ரத்து. சீக்கிரம் அனுப்பு.