குதிரைக்கு வாங்கிய ஒன்றரை ஏக்கர்

“வாயை மூட விடாதீங்க சார், நல்லா புடிங்க!” என்று கத்தினார் கால்நடை மருத்துவர் கலைமதி.

எழிலரசன் தன் குதிரை செவ்வந்தியின் தாடையைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் விரல்களை விட்டு மூன்று இலைகளை உருவி எடுத்தார்.

“முழுங்கல. பொழச்சுச்சு. இது என்ன எலைன்னு தெரியுமா?”

“வேலியில ரோஸ் கலர்ல பூத்திருக்கே, அதுதானங்க? அழகா இருக்குன்னு விட்டுவச்சேன்.”

“அரளி சார்! ஒரு கைப்பிடி தின்னா குதிரை எந்திரிக்காது.”

எழிலரசன் சுற்றிப் பார்த்தார். நிலத்தின் நாலு பக்கமும் அந்த அழகுதான்.

முப்பத்தோரு வருஷம் கீரனூர்–திருச்சி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். நின்றுகொண்டே போன காலத்துக்கெல்லாம் ஈடாகக் குதிரைமேல் உட்கார்ந்து போக வேண்டும் என்று ஓர் ஆசை. ஆத்மநாதனிடம் ஒன்றரை ஏக்கர் வாங்கி, கொட்டகை போட்டு, செவ்வந்தியையும் சிங்காரத்தையும் அன்று காலைதான் கொண்டுவந்து இறக்கியிருந்தார். குதிரை வந்து இறங்கும்போதே டாக்டர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று பிடிவாதமாக வரவழைத்தவள் மனைவி சொர்ணவல்லி.

“வித்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லலையே சொர்ணம்! இப்பவே போயி நாலு கேள்வி கேக்குறேன்.”

“கேள்வி எங்கிட்டும் ஓடிப்போயிறாது. மொதல்ல வேலியப் புடுங்குங்க” என்றாள் அவள், சோற்றுத் தூக்கை இறக்கி வைத்தபடி.

அதுவும் நியாயம்தான். குதிரைகளைக் கொட்டகையில் கட்டிவிட்டு, மறுநாளே ஜேசிபி கொண்டுவந்தார். ஓட்டியவன் சந்தோஷ். மூன்று பக்கத்து அரளியையும் மதியத்துக்குள் வேரோடு வாரிவிட்டான். எழிலரசன் பழைய விசிலை வாயில் வைத்துக்கொண்டு, நாலாவது பக்கத்துக்கு வழிகாட்டினார்.

“வா, வா, வா… ரைட்ல ஒடி…”

‘மடக்’கென்று ஒரு சத்தம். ஜேசிபி தலைகுனிந்து நின்றது. முன்சக்கரம் ஒன்றைக் காணவில்லை. எப்போதோ பனஞ்சட்டங்களைப் பரப்பி, மேலே மண்ணைப் போட்டு, புல்லும் முளைத்துப்போன பழைய கிணறு.

சந்தோஷ் குதித்து வெளியே வந்தான். “கெணறு இருக்குன்னு சொல்ல மாட்டீங்களாண்ணே?”

“எனக்கே அது இப்பத்தாண்டா சொல்லுது!”

சொர்ணவல்லி எட்டி நின்று உள்ளே பார்த்தாள். “அம்மாடி! இதத் தூக்கவே மூணு மாசம் ஆகும்போலயே.”

“ஜேசிபியத்தான் தூக்கணும். கெணத்தத் தூர்க்கணும்!”

“அதத்தான் சொல்றேன். மூணு மாசம்” என்றாள். அவள் குரலில் கவலையைக் காணோம். வெயிலில் தன் காதுதான் கோளாறு பண்ணுகிறது என்று எழிலரசன் எண்ணிக்கொண்டார். அவள் வீட்டுக்குக் கிளம்பிப் போனாள்.

கிரேன் வர சாயங்காலம் ஆகும் என்றார்கள். அதுவரை வண்டி இன்னும் உள்ளே இறங்கிவிடாமல் இருக்க அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. இரும்பு வடத்தால் அதைப் பக்கத்துப் பனைமரத்தோடு இழுத்துக் கட்டினார்.

“இப்ப லேசாப் பின்னாடி எடு பாப்போம்!”

வண்டி ஓர் உறுமல் உறுமியது. வடம் விறைத்தது. பனை தலையை ஆட்டியது. உச்சியில் பானை மாதிரி தொங்கியதை, காய்ந்த மட்டை என்று அவர் நினைத்திருந்தார். அதற்குள்ளிருந்து விரல் நீளக் குளவிகள் திமுதிமுவென்று கிளம்பின.

“கதண்டுண்ணே! ஓடுங்க!” என்று அலறிய சந்தோஷ், போகிற போக்கில் பக்கத்துக் குளத்தில் விழுந்தான். எழிலரசனுக்கு மூன்று கொட்டு. அதில் ஒன்று கண்ணிமையில்.

குதிரைகளைக் கதண்டு தொடவில்லை. ஆனால் இந்தக் கூச்சலைக் கேட்டதும் கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்தன. தடுக்கத்தான் வேலி இல்லையே! நேரே திருச்சி ரோட்டுக்கு ஓடி, நிழல் இருக்கிறதென்று பஸ் ஸ்டாப்பில் போய் நின்றன.

ஒற்றைக் கண்ணோடு மூச்சு வாங்கி அவர் போய்ச் சேர்ந்தபோது, குதிரைகளுக்கு எதிரே ஒரு பஸ் நின்றிருந்தது. அவரிடம் தொழில் பழகிய ரகுநாத் படிக்கட்டில் நின்று குனிந்து பார்த்தான்.

“ரெண்டு ஃபுல்லாண்ணே? எங்க எறங்குறாங்க?”

பஸ் முழுக்கச் சிரித்தது. முப்பத்தோரு வருஷத்து மரியாதை அந்த ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொண்டது.

இனிப் பொறுக்க முடியாது. இரண்டு குதிரைகளையும் கையில் பிடித்துக்கொண்டு நேரே ஆத்மநாதன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

“யோவ்! வெசச் செடிய வேலியாக் குடுத்த. கெணத்தப் பொத்திக் குடுத்த. மரத்துல எமனத் தொங்கவிட்டுக் குடுத்த. வாயத் தொறந்து ஒன்னாச்சும் சொன்னியா? குதிரைக்கு ஒன்னு ஆயிருந்தா என்னய்யா பண்ணுவ?”

ஆத்மநாதன் வீட்டுக்குள்ளே திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி மீனம்மாள் கொட்டுவாயில் தடவச் சுண்ணாம்போடு வந்தாள்.

“அவரத் திட்டாதீங்கண்ணே! மூணையும் சொர்ணம் அக்காகிட்ட ரிஜிஸ்டர் ஆஃபீஸ்லயே சொல்லிப்புட்டோம். ‘அப்ப இதுதான் சரியான எடம், அவருகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, ரிட்டயர் ஆன நாள்லேர்ந்து மனுசன் என் அடுப்படிய விட்டு எறங்கவே மாட்டேங்குறாரு’ன்னாங்க!”