அக்காவுக்கு, ‘தொட்டியும் துளிரும்’ பற்றி

ஆவடி,
தபசு காலம், மூன்றாம் ஞாயிறு.

அன்பிலும் அறிவிலும் மிகுந்த, அழகில் மட்டும் தம்பிக்கு ஒரு படி குறைந்த அக்கா தெரசாவுக்கு, உன் ஒரே தம்பியும், ஆகவே உன் தம்பிகளிலேயே சிறந்தவனுமான பாஸ்கல் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கப்போகும் மதர் அவர்களுக்கும் பணிவான தோத்திரம். மடத்து வழக்கம் எனக்குத் தெரியும் மதர். ஆட்சேபகரமாக ஒன்றும் இல்லை, முழுக்கத் தோட்டக்கலைதான். இடையிடையே சாணம், பிண்ணாக்கு என்று வரும். பொறுத்தருள வேண்டும்.

அக்கா, உன் கடிதம் கிடைத்தது. மே மாதம் முதல் வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியாஸ்திரீ ஆகப்போகிறாய் என்றும், அதற்கு முன்பு பாஸ்கா திருநாள் முடிந்ததும் பத்து நாள் வீட்டுக்குப் போய்வர அனுமதி உண்டு என்றும் எழுதியிருந்தாய். ‘ஆனால் வரவே பயமாக இருக்கிறது, வந்தால் என்னைத் திரும்ப விடுவீர்களா, வரட்டுமா வேண்டாமா’ என்றும் கேட்டிருந்தாய். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். “அவ இஷ்டம்னு எழுதிடு” என்றார். அம்மா, “அப்பா சொன்னதையே எழுது” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்தினாள். வெங்காயம் என்றாள். அன்றைக்குச் சமையல் ரசம். ஆக, அவர்கள் கருத்தை எழுதிவிட்டேன். இனி என் கருத்து. அதைச் சொல்ல வேண்டுமானால் ‘தொட்டியும் துளிரும்’ நிகழ்ச்சியில் நடந்த அக்கிரமத்தை முதலில் சொல்லியாக வேண்டும்.

மதர், உங்கள் மடத்தில் டீவி இல்லை என்பதால் ஒரு சிறு விளக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சினிமாவுக்கு முன்னால் அரை மணி நேரம் வருகிற தோட்டக்கலை நிகழ்ச்சி இது. பதினோரு வருடமாக வருகிறது. எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் டீவி எங்கள் வீட்டில்தான் முதலில் வந்தது. சினிமாவுக்கு இடம் பிடிக்க முன்கூட்டியே வந்து உட்கார்ந்த ஜனம், எழுந்தால் இடம் போய்விடுமே என்று இதையும் பார்க்கத் தொடங்கி, இன்றைக்கு டாங்கி செய்கிற தொழிற்சாலைக்காரர்கள் எல்லோரும் தக்காளியைப் பற்றிச் சண்டை போடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டார்கள். செடியைப் பற்றிச் சொல்வது ஜெகதாம்பாள் அம்மா. பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பது ரகுநாதன் சார். பதினோரு வருடமும் அவருக்கு ஒரே கேள்வி. “அப்படியாம்மா? சரி, சாணம் எங்கேம்மா கிடைக்கும்?” ஜன்னலுக்குக் கீழே உன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு நீ டீவிக்கே பதில் சொல்வாய் அக்கா: “மாட்டுக்குப் பின்னாடி சார்!” பிளாக் முழுக்கச் சிரிக்கும். இப்போதும் ஒவ்வொரு வாரமும் அந்தக் கேள்வி வந்ததும் எல்லோரும் ஒரு விநாடி காத்திருக்கிறார்கள். யாரும் பதில் சொல்வதில்லை. ஒரு வாரம் நான் சொல்லிப் பார்த்தேன். யாருமே சிரிக்கவில்லை. இத்தனைக்கும் அதே மாடு, அதே பின்னாடி.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஜெகதாம்பாள் அம்மாவின் நாற்காலியில் ஒரு புது மனிதர் உட்கார்ந்திருந்தார். பெயர் கலியமூர்த்தி. பெயர்தான் பழசு, ஆள் புத்தம் புதுசு. சஃபாரி சூட், இரண்டு கையிலும் உறை. ஜெகதாம்பாள் அம்மா எங்கே, ஏன் போனார், ஒரு வார்த்தை இல்லை. கீழ் வீட்டு சொர்ணம் அக்கா என் மேலேயே பாய்ந்தாள்.

“இன்னாடா பாஸ்கலு, அந்தம்மா எங்கடா? இது யார்ரா, கண்ணு டாக்டரு கணக்கா கீறாரு?”

“எனக்கு எப்படிக்கா தெரியும்?”

“ஊட்டுல டீவி வெச்சிக்கினு தெரியாதுன்றியே, வெக்கமா இல்ல?”

மதுரைப் பக்கத்து வீராசாமி மாமாவுக்குக் கை உறைதான் உறுத்தியது. “ஏண்டா, மண்ணத் தொட உறை மாட்டுறவன், சோறு திங்கவும் உறை மாட்டுவானோ?” என்றார். அதற்குள் கலியமூர்த்தி, செடி ஒன்றுக்கு யூரியா இத்தனை கிராம் என்று தராசில் நிறுத்துக் காட்டினார். ரகுநாதன் சார் வழக்கப்படி சாணத்தை விசாரிக்க, “சாணம் தேவையில்லை சார்” என்றார் கலியமூர்த்தி. ரகுநாதன் சார் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பதினோரு வருடப் பிழைப்பு ஒரே வரியில் போய்விட்டதே.

அடுத்த வாரமும் அவரே. அதற்கு அடுத்த வாரமும் அவரே. நேயர் கடிதம் போட்டால்தான் நிலையத்துக்காரர்களுக்கு உறைக்கும் என்று பிளாக்கே பேசியது. பேசியதே தவிர யாரும் பேனாவைத் தொடவில்லை. ஆகவே அவர்கள் சார்பில், அவர்கள் பெயரில், அவர்கள் சொன்னதையே கொஞ்சம் இலக்கணம் சேர்த்து நானே எழுதிப் போட்டேன். இதில் பொய் எதுவும் இல்லை மதர், நான் வெறும் எழுத்தர். சுவிசேஷமும் அப்படித்தானே வந்தது.

கார்டு போட்ட மூன்றாவது வாரம் ரகுநாதன் சார் நேயர் கருத்துப் பகுதியில் வாசித்தார்: “ஆவடியிலிருந்து சொர்ணம் எழுதுகிறார். புதியவர் செடிக்கு மருந்து சொல்கிறாரா அல்லது கண்ணுக்குச் சொட்டு மருந்து சொல்கிறாரா?” எங்கள் வீட்டில் வெடி வெடித்த மாதிரி இருந்தது. சொர்ணம் அக்கா எனக்கு அறை கொடுப்பாள் என்று கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டேன். அவளோ, “எம்பேரு டீவில வந்துகீதுடா!” என்று வாசலுக்கு ஓடினாள். மறுநாள் ரேஷன் கடை வரிசையில், தான் அதை எழுத எவ்வளவு யோசித்தாள் என்று விவரித்துக்கொண்டிருந்தாள். வீராசாமி மாமா கதை வேறு. அவர் கார்டை வாசிக்கவில்லை. அவர் எழுதவே எழுதாத அந்தக் கார்டை வாசிக்காததற்காக, “நம்ம ஊர்க்காரன்னா இளக்காரம்டா” என்று இன்றுவரை நிலையத்தின் மேல் கோபமாக இருக்கிறார்.

இத்தனை செய்தும் ஜெகதாம்பாள் அம்மா வரவில்லை. இந்த நேரத்தில்தான், மூன்று வருடமாக, நீ வைத்துவிட்டுப் போன மல்லிகைச் செடிக்குப் பேசாமல் தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்த நம் அப்பா, திடீரென்று களத்தில் இறங்கினார். “இனிமே சொல்லிக் குடுக்க ஆள் இல்ல, நாமதான் பாத்துக்கணும்” என்றார். பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேள். புது ஆள் சொன்ன யூரியா. பழைய அம்மா சொன்ன அளவு. ஜெகதாம்பாள் அம்மா எல்லாவற்றுக்கும் ‘ஒரு கை அள்ளிப் போடுங்க’ என்பாரே, நினைவிருக்கிறதா? ரகுநாதன் சார் ஒரு முறை, “யார் கையம்மா?” என்று கேட்டதற்கு, “செடி யாரோடதோ அவங்க கை” என்றார். அப்போது நீ உன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டாய். நான் ஏன் மறக்கவில்லை என்றால், அந்தக் கையில் என் பங்கு முறுக்கு இருந்தது. ஜெகதாம்பாள் அம்மா பிண்ணாக்குக்குச் சொன்னதை அப்பா யூரியாவுக்கு எடுத்துக்கொண்டு, உன் கைக்குச் சொன்னதை ஃபிட்டர் பிரகாசமாகிய தன் கைக்கு எடுத்துக்கொண்டார். அப்பா கை என்ன கையா, முறம். நாலே நாளில் இலை விளிம்பெல்லாம் தீய்ந்து, செடி பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவனைப் போல ஆகிவிட்டது. நான் நெமிலிச்சேரி வரை சைக்கிளில் போய் ஒரு கோணி நிறையச் சாணம் கட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் எனக்கு யாரும் பக்கத்தில் வராமல் ராஜ மரியாதை. அதையும் போட்டோம். பலனில்லை.

அப்பா வழக்கம்போலத் தண்ணீர் வாளியை எடுத்தார். 

மார்கழி பிறப்பதற்கு முன் ஞாயிறு, மறுபடி நேயர் கருத்து. என் கார்டுகளில் மிச்சம் எதுவோ வரப்போகிறது என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரகுநாதன் சார் வாசித்தார்: “ஆவடியிலிருந்து பிரகாசம். ‘ஐயா, மல்லிகைச் செடி என் மகள் வைத்தது. அவள் மடத்தில் சேர்ந்துவிட்டாள். ஒரு கை உரம் என்று முன்பு இருந்த அம்மா சொல்லியிருக்கிறார்கள். அது என் மகள் கைக்குச் சொன்னது. என் கை பெரியது. நான் எவ்வளவு போட வேண்டும்?’”

இதை நான் எழுதவில்லை அக்கா. சத்தியமாக இல்லை. எனக்கு இப்படி எழுத வராது.

வீட்டில் அத்தனை பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் டீவியைப் பார்த்தார். “அண்ணாத்தே, நீயா எய்தின?” என்றாள் சொர்ணம் அக்கா, மெதுவாக. “பைப்புல தண்ணி வந்திருக்கும், வாளிய வைக்கலையா?” என்றார் அப்பா. அது தண்ணீர் வருகிற நேரமே இல்லை.

டீவியில் கலியமூர்த்தி, “முப்பது கிராம்” என்று பதில் சொல்லிவிட்டு, மண்ணை நன்றாக நீர் விட்டு அலசுங்கள், பிறகு தண்ணீரைக் குறைத்து, கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யுங்கள் என்று ஏதேதோ சொன்னார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். பதினோரு வருடமாகக் கேள்வி மட்டும் கேட்ட ரகுநாதன் சார் அன்றைக்குப் பார்த்து வாயைத் திறந்து ஒரு பதில் சொன்னார். “ஐயா, இத்தனை நாளா தண்ணி ஊத்துறது நீங்கதானே? அப்ப இது உங்க செடிதான். உங்க கையாலேயே போடுங்க. கொஞ்சம் விரலை மடக்கிக்கிட்டுப் போடுங்க” என்றார்.

வீராசாமி மாமா, “அருமையாச் சொன்னாருய்யா” என்று தொடையில் தட்டினார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எப்படி அக்கா அப்பாவின் செடி ஆகும்? பருத்திப்பட்டு ஏரி வண்டலைக் கூடையில் சுமந்து வந்தது நீ. தொட்டிக்காகத் தார் டிரம்மைப் பாதியாக வெட்டச் சொல்லி அப்பாவை நச்சரித்தது நீ. ஊருக்குப் போனவர் செடியைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்பது போலல்லவா இருக்கிறது? ஜன்னலுக்குக் கீழே உன் இடத்தில் ஒரு நாள் சொர்ணம் அக்கா உட்காரப்போனபோது, “அங்க வேணாம் சொர்ணம்” என்று அம்மா சொன்னாளே, அதை ரகுநாதன் சார் கேட்டாரா?

ஆகவே என் கருத்து இதுதான். நீ வர வேண்டும். வந்துவிட்டுப் போகக் கூடாது. பத்து நாள் கணக்கெல்லாம் இங்கே செல்லாது. ஜெகதாம்பாள் அம்மாவுக்குக் கார்டு போட்டு வரவழைக்க முடியவில்லை, சரி, அவர் யாரோ. நீ அப்படியா? வந்த அன்றே உன் பெட்டியை ஒளித்துவிடுவேன். மதர் மன்னிக்கவும், வார்த்தைப்பாட்டுக்கு அங்கே ஆளுக்கா பஞ்சம்? வீட்டு நிலைமை மிகவும் மோசம் என்பதையும் நீ தெரிந்துகொள். உன் செடி மார்கழியில் ஓர் இலைகூட இல்லாமல் மொட்டையாக நின்றது. அப்பா வெள்ளிக்கிழமைகளில் சரியாகச் சாப்பிடுவதே இல்லை. அம்மா தினமும் பொழுது சாய்ந்தால் ஒரு மூலையில் மண்டியிட்டு, கண்ணை மூடி, தனக்குத்தானே முணுமுணுக்கிறாள். நான் அல்ஜீப்ராவில் தோற்றுவிட்டேன். இதற்கு மேலும் வராமல் இருக்க உனக்கு மனம் வருமானால், நீ கன்னியாஸ்திரீ ஆகவே தகுதி இல்லாதவள், உடனே புறப்பட்டு வா.

அங்குள்ள சிஸ்டர்கள் அனைவருக்கும், சமையல்கட்டில் உனக்குக் கூடுதலாக ஒரு கரண்டி குழம்பு ஊற்றுகிற அந்த வயதான சிஸ்டருக்குத் தனியாகவும், எங்கள் வணக்கம். இரவு ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள். என்னை நினைக்கும்போது அல்ஜீப்ராவையும் சேர்த்து நினை. நீ எங்கிருந்தாலும் (அதாவது ஆவடியில் இருந்தாலும்) ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி,
பாஸ்கல்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் அப்பா வந்து, “என்னதான் எழுதினே, படி” என்றார். முழுக்கப் படித்துக் காட்டினேன். சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், “அவ எதுக்குப் பயப்படுறான்னு எழுதியிருந்தாளோ, அதையே நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கியேடா” என்று சொல்லிவிட்டு ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டார். நான் அரை மணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். அக்கா, செடி மொட்டையாக நின்றது உண்மைதான். கவாத்து செய்தால் எந்தச் செடியும் அப்படித்தான் நிற்கும். செய்தது அப்பா. இப்போது அது மொட்டு வைத்து, பூத்து, அம்மா மாதா படத்துக்குக் கட்டிப் போட்டது போக சொர்ணம் அக்கா தலைக்கும் போகிறது. அப்பா வெள்ளிக்கிழமை சாப்பிடாதது தபசு காலத்து ஒருசந்தி நோன்பு, நீ இருந்தபோதும் அப்படித்தான். அம்மா முணுமுணுப்பது ஜெபமாலை. அல்ஜீப்ராவில் மட்டும் நிஜமாகவே தோற்றுவிட்டேன். நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். அதைச் சொல்ல எனக்குத்தான் பிடிக்கவில்லை. மதர், மேலே உள்ள நாலு பக்கத்தையும் நீங்கள் வைத்துக்கொண்டு இந்தப் பின்குறிப்பை மட்டும் அக்காவிடம் கொடுங்கள். அக்கா, பயப்படாமல் வா. பத்து நாளும் இருந்துவிட்டுப் போ. பெட்டியை ரயிலடி வரைக்கும் நானே தூக்கி வருகிறேன். கனமாக இருந்தால் திட்டுவேன், அவ்வளவுதான்.