மாப்பிள்ளை குரலும் பாய் வீட்டு ரேடியோவும்

கஜா பெராங், மலாக்கா.
3-9-1957

மரியாதைக்குரிய மச்சான் அப்பாசாமி அவர்களுக்கு, தங்கை புருஷன் கலியாணசுந்தரம் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் தங்கை ருக்மணி, மகள் கோகிலா, மாப்பிள்ளை பொன்னுதுரை மூவரும் இங்கே சுகம். என் முழங்கால் மட்டும் சுதந்திர நாட்டிலும் பழையபடிதான் வலிக்கிறது. சிரம்பானில் அக்காவையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

மாப்பிள்ளையின் ரேடியோ மிஷினுக்கு ஒரு முடிவு கட்ட நீங்கள் உடனே பஸ் ஏற வேண்டும் என்று போன கடிதத்தில் அழாத குறையாக எழுதியிருந்தேன். இனி வர வேண்டாம். விஷயம் சுபமாக முடிந்தது. தந்தி இலாகா வேலை முடிந்து வந்ததும் மாப்பிள்ளை பின்னறையில் உட்கார்ந்து, தானே செய்த பெட்டியில், அரசாங்க லைசென்ஸோடு, ஆஸ்திரேலியாவிலும் சிலோனிலும் இருக்கிற முகம் தெரியாத மனிதர்களோடு பேசுவார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் குரல் ஆஸ்திரேலியா போவது நமக்குப் பெருமைதான். ஆனால் போகிற வழியில் அடுத்த வீட்டு காதர் மைதீன் பாயின் ரேடியோவிலும் இறங்கிவிட்டுப் போனது. பாய் தெங்கேராவில் மளிகைக் கடை வைத்திருப்பவர், நாம் குடியிருக்கும் வீடும் அவருடையது.

"என்னா கிராணி சார், பாட்டு கேக்கலாம்னு உக்காந்தா உங்க மாப்புள வந்து ஹலோ ஹலோங்கிறாரு! ரொம்ப சூசா, தொல்லையா இருக்கு. நாடு சொதந்திரமாவுற மெர்டேக்கா அன்னிக்கி கோலாலம்பூர்லேர்ந்து பேசுறத தெருவே எங்கூட்டுல வந்து கேக்கப் போவுது. அன்னிக்கும் இவரு குரல் வந்துச்சுன்னா, ஒண்ணு மிஷின் போவணும், இல்ல நீங்க போவணும்" என்று இந்தக் குமாஸ்தாவிடம் பாய் சொல்லிவிட்டார். மிஷினை விற்றுவிடுகிறேன் என்று மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கு அவர் சாப்பிட்டது அரை வயிறு.

ஆனால் அவர் பொறுமையைப் பார்க்க வேண்டுமே! நானாக இருந்தால் பெட்டியை ஓங்கி நாலு தட்டுத் தட்டியிருப்பேன். அவரோ ஒவ்வொன்றாக மாற்றுவார், என்னைப் பாய் வீட்டு ரேடியோ முன்னால் உட்கார வைத்துப் பேசிப் பார்ப்பார், நான் ஜன்னல் வழியாக "வருது மாப்புள!" என்று கத்துவேன். மின்சாரக் கம்பியில் சுருள் வைத்தார், வந்தது. ஏரியலைத் திருப்பிக் கட்டினார், வந்தது. துணி காயப் போடும் கம்பி துருப்பிடித்திருந்தாலும் இரைச்சல் வருமாம், அதை அவிழ்த்துக் கயிறு கட்டினார், அப்போதும் கணீரென்று வந்தது. மிஷினுக்காகக் கொல்லையில் மண்ணில் அடித்திருந்த செம்பு எர்த்துக் கம்பியை மட்டும் அவர் தொடவில்லை. அதுதான் தங்கமாய்ப் பளபளத்துக்கொண்டிருந்ததே, அதில் என்ன குறை இருக்கப் போகிறது?

மெர்டேக்காவுக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டுக் கூரைமேல் ஏறி ஏரியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே உங்கள் தங்கை தலை முழுகிவிட்டு வந்து, எர்த்துக் கம்பியில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்றி, குத்துவிளக்கைத் தேய்ப்பது போல் கம்பியைப் புளி போட்டுத் தேய்த்து, கழுவி, சந்தனத்தை வழித்துப் பூசி, குங்குமம் வைத்து, அந்தச் சந்தனத்தின் மேலேயே கிளிப்பை மாட்டினாள். வாராவாரம் நடக்கிற பூசையாம், எனக்கே தெரியாது! சந்தனம் காய்ந்ததும் மின்சாரம் மண்ணில் இறங்க வழி ஏது? அதுதான் பாய் வீட்டு ரேடியோவில் போய் இறங்கியிருக்கிறது.

கல்யாணமான நாளிலிருந்து மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் கோகிலா வழியாகத்தான். கோகிலாவோ அப்போது காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். வேறு வழியில்லாமல் மாப்பிள்ளை கூரையிலிருந்து "அத்தே! அப்படியே இருங்க!" என்று குரல் கொடுத்தார். ருக்மணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓடிவிட்டாள்.

"மாப்புள தொழில் பண்ற சாமான், களிம்பு பிடிச்சுக் கெடக்குதேன்னு செஞ்சேன்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து அழுகை.

"நீங்க வெளக்குன வெளக்குல எனக்கே அதுமேல சந்தேகம் வரல அத்தே" என்று சொல்லிச் சிரித்தாரே, அந்த மனுஷனை என்ன சொல்லிப் பாராட்டுவது! கிளிப்பைச் சுரண்டி, இறுக்கி, பற்றவைத்தார். வேலியோரமாக வேறொரு செம்புக் கம்பியை நட்டார். அதில் எந்த ஒயரும் கிடையாது, அத்தையின் வெள்ளிக்கிழமைக்கென்றே நட்டது. பிறகு பேசிப் பார்த்தார். பாய் ரேடியோவில் பாட்டு மட்டுமே கேட்டது. மறுநாள் காலையில் தெருவே பாய் வீட்டில் கூடி மெர்டேக்கா முழக்கத்தைச் சுத்தமாகக் கேட்டது. பாய் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார். நம் குடும்பத்துக்குத் தங்கமான பிள்ளை கிடைத்திருக்கிறது மச்சான்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். அக்காவுக்கு ருக்மணியின் அன்பு. எல்லோரும் நல்ல உடம்போடு இருக்க மாரியம்மன் துணை.

தங்கள்,
கலியாணசுந்தரம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் பாய் வந்து நிற்கிறார். அவர் மனைவி நஜ்முன்னிசா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். "அந்த மெல்பர்ன்காரரு பொண்ணுக்குப் பிரசவம் ஆச்சான்னு உங்க மாப்புள தெனம் கேப்பாரு. அந்த இங்கிலீஷ ரேடியோவுல கேட்டு நான் அவளுக்குத் தமிழ்ல சொல்லுவேன். இப்ப ஒண்ணும் தெரியாம அவ துடிக்கிறா, எனக்கும் கடையில மனசு ஓடல. மாப்புள குரல் மறுபடி எங்கூட்டுல வரணும் கிராணி சார், இல்லன்னா வீட்டக் காலி பண்ணுங்க" என்கிறார். உடனே பஸ் ஏறவும்.