கதவு திறக்காத படம்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். தேங்காய் வாங்கினால், கடைக்காரர் தட்டிக் காட்டியதை நானும் ஒருமுறை தட்டிப் பார்ப்பேன். பூட்டிய வீட்டைத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். நான் சந்தேகப்படாத ஒரே ஆள் நான்தான்.

எனக்கு ஒரு படம் உயிர். கறுப்பு வெள்ளை ஐரோப்பியப் படம். போருக்குப் போய்த் திரும்பாத கணவனைத் தேடி ஒருத்தி பனியில் ஊர் ஊராக அலைகிறாள். கடைசியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். கதவு திறப்பதற்குள் திரை இருண்டுவிடும். நடித்தவர்கள் பேர்கூடப் போட மாட்டார்கள். (என்ன துணிச்சல்!) கல்யாணத்துக்கு முன்பு, எங்கள் திரைப்படச் சங்கச் செயலாளரிடம் சிடி இரவல் வாங்கிப் பார்த்துவிட்டு, நாலு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆரியசாலையில் பெண் பார்க்கப் போனபோது, மீனாவோடு தனியாகப் பேசக் கிடைத்த பத்து நிமிஷத்தையும் அந்தக் கதவுக்கே செலவழித்தேன். "காத்திருப்புக்கு முடிவே கிடையாது" என்றேன். (வேலை நிரந்தரமாகாத நேரம், பேச வேறு விஷயமும் இல்லை.) அவள் சம்மதித்தாள். மொத்த வியாபாரம் செய்யும் அந்தக் குடும்பத்தில் எனக்கிருந்த ஒரே மரியாதை, 'உலகப் படம் தெரிந்த மாப்பிள்ளை' என்பதுதான்.

போன வருஷம், ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் மச்சினன் முருகேசு, ஐரோப்பா போய்விட்டு வரும்போது அந்தப் படத்தின் ப்ளூ-ரே டிஸ்க்கை எனக்காக வாங்கி வந்தான். பழைய பிரதியைச் சுத்தம் செய்து புதுப்பித்த பதிப்பு. பெட்டியைத் திருப்பினேன். நூற்றிருபது நிமிஷம் என்று போட்டிருந்தது. நான் பார்த்த படம் ஒரு மணி நேரம்தான்.

"முருகேசு, இத எங்க வாங்கின? பிளாட்பாரத்துலயா?"

"பெரிய கடையிலதான் அத்தான். ஒரு தடவை வீட்ல போட்டுப் பாத்துருவோமா?"

போட்டுப் பார்க்க இவனுக்கு என்ன இவ்வளவு அவசரம்? அதுவும் சந்தேகமாக இருந்தது. சங்கத்தில் எல்லார் முன்னாலும்தான் உறையைப் பிரிப்பேன் என்று சொல்லி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் திரையிடல். மீனாவும் முருகேசும் முதல் வரிசையில். அரை மணி நேரம் பேசினேன். "இந்தக் கதவு திறக்காது, திறக்கவும் கூடாது" என்று முடித்தபோது நல்ல கைதட்டல்.

படம் பளிங்கு மாதிரி இருந்தது. அவள் கதவைத் தட்டினாள். நான் விளக்கு சுவிட்சில் கைவைத்தபடி கண்கலங்கி நின்றேன்.

கதவு திறந்தது.

உள்ளே கணவன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். இருவரும் உட்கார்ந்து சூப் குடிக்க ஆரம்பித்தார்கள்.

"நிறுத்துங்க! இது டூப்ளிகேட்! யாரோ கூடச் சேத்து எடுத்திருக்கான்!" என்று கத்தினேன். அதோடு விட்டேனா? முருகேசைப் பார்த்து, "போலியக் கொண்டாந்து என் மானத்த வாங்கிட்டியே" என்றேன். அவன் முகம் சுருங்கிப்போனது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பின்வரிசையிலிருந்து செயலாளர் மெல்ல எழுந்து மலையாளத்தில் சொன்னார். "சாரே, ஆ படம் ரெண்டு சிடி ஆயிருந்நல்லோ. சார் ஒண்ணு மாத்ரமே கொண்டுபோயுள்ளூ. மத்தேது இப்போழும் என்டெ வீட்டிலுண்டு."

(அந்தக் காலத்தில் ஒரு படம் இரண்டு சிடிகளில் வரும். நான் வாங்கிப் போனது ஒன்றுதான்; மற்றது இன்னும் அவர் வீட்டிலேயே இருக்கிறதாம். முதல் சிடி தீர்ந்ததைத்தான் நான் படத்தின் முடிவு என்று இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் விளக்கியிருக்கிறேன்.)

அரங்கமே சிரித்தது. மீனா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்போ பாதிப் படத்தப் பாத்துட்டுதான் என்னப் பொண்ணு பாக்க வந்தியளா?"

முருகேசிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மிச்சப் படத்தையும் பார்த்தேன். படம் சந்தோஷமாக முடிந்தது. அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

போன வாரம், எதிர்வீட்டுக்காரர் வேண்டுமென்றேதான் நம் கேட்டை மறித்து வண்டியை நிறுத்துகிறார் என்று மீனாவிடம் அடித்துச் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"முதல் சிடி முடிஞ்சுதா?" என்றாள்.