மாதிரிக் கால்

அரசு மரச்சாமான்கள் பராமரிப்பு இயக்ககத்தின் அம்பத்தூர் வட்டார அலுவலகத்தில் பணிபுரியும் மகளிர் அனைவரும் வாரந்தோறும் புதன்கிழமை மாலை, நடத்தற்குரிய காலணியும் இயங்குதற்கேற்ற உடையும் அணிந்து நடைப்பயிற்சி மேற்கொள்ள வேண்டும் என்றும், மேற்படி காலணியையும் உடையையும் அலுவலகமே வழங்கும் என்றும் சுற்றறிக்கை வந்தபோது, நான் ஷூ வாங்கப் பூந்தமல்லிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் குதிகால் வலி. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தால், யாரோ தரைக்கு அடியிலிருந்து ஆணி அடித்தது போலிருக்கும். ஆவடியில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். அவர் மாத்திரைகூட எழுதவில்லை. "மெத்துனு, பிடிமானமா ஒரு ஷூ வாங்கிப் போட்டுகிட்டு நடங்கம்மா, போதும்" என்று அனுப்பிவிட்டார்.

எங்கள் பிரிவில் இளநிலை உதவியாளராக இருக்கும் வஹீதுன்னிசா பூந்தமல்லிக்காரி. அவளுக்குத் தெரிந்த கடைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள். அவளும் நானும் ஏழெட்டு வருஷமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். அவள் வீட்டுக் கத்திரிக்காய் என் தட்டிலும், என் வீட்டு வத்தக்குழம்பு அவள் தட்டிலும்தான் தீரும்.

சுற்றறிக்கையைப் படித்துவிட்டுத் தோளில் மாட்டிய பையைக் கழற்றி வைத்தேன்.

"என்னக்கா, கெளம்பலையா?" என்றாள் வஹீதா.

"ஆபீஸ்லயே குடுக்கறாங்களாம்டி."

"அது எப்ப வந்து, உங்க வலி எப்பத் தீர்றது?"

எனக்குப் பெயர் யுவராணி, வயது நாற்பத்தொன்பது, பதவி கண்காணிப்பாளர். அரசுப் பணியில் நான் பெற்ற பயிற்சி என்னவென்றால், சும்மா கிடைக்கப்போகும் பொருளுக்காக எந்த வலியையும் நிலுவையில் வைக்க முடியும் என்பதுதான்.

காலணியும் உடையும் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. இணை இயக்குநர் சம்பந்தம் தலைவர். கணக்கு அலுவலர் லட்சுமணன் உறுப்பினர். ஒப்பந்த அடிப்படையில் நல்வாழ்வு ஆலோசகராக வந்திருந்த விஷ்ணு என்ற இளைஞர் இன்னொரு உறுப்பினர். மகளிர் பிரதிநிதியாக நான். மற்ற மூவரும் வாழ்நாளில் பெண்கள் ஷூ போட்டதில்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து எந்த ஷூவும் போட்டதில்லை. ஆகவே குழுவில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லாமல் இருந்தது.

"முதலில் சௌகரியம் என்றால் என்ன என்று வரையறுக்க வேண்டும்" என்று ஆரம்பித்தார் சம்பந்தம்.

"காலைக் கடிக்கக் கூடாது சார்" என்றேன்.

"கடிக்கலைன்னு ஆடிட்ல எப்படி நிரூபிப்பீங்க?" என்றார் லட்சுமணன். கடி அத்துடன் நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கப்பட்டது.

விஷ்ணு திரையில் படங்கள் போட்டார். படத்திலிருந்த பெண்கள் எல்லோரும் வியர்க்காமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். "இதுதான் சார் இப்ப டிரெண்ட். இந்தத் துணி மூச்சு விடும்."

"மூச்சு விடுற துணி நமக்கு எதுக்கு? போடுறவங்க விட்டாப் போதாதா?" என்றார் சம்பந்தம்.

உடை விஷயத்தில் விவாதம் நீண்டது. இறுக்கமாக இருந்தால் கண்ணியம் கெடும், தளர்வாக இருந்தால் இயக்கம் கெடும் என்று இரு தரப்பும் பேசி, கடைசியில் இரண்டும் சிறிது சிறிது கெடும்படியான ஒரு நடுவழி காணப்பட்டது. முன்புறம் கொசுவம் வைத்த டிராக் பேண்ட். முழங்கால் வரை டீ-ஷர்ட். மறந்துவிட்டு வரக் கூடாது என்பதற்காகத் துப்பட்டாவை டீ-ஷர்ட்டோடு சேர்த்தே தைத்துவிடுவது. நிறம், அலுவலகப் பீரோக்களுக்கு அடித்தது போக மீந்த பழுப்பு. இதில் நான் சேர்த்த திருத்தம் ஒன்று உண்டு, துப்பட்டாவுக்கு ஓரத்தில் ஜரிகை. அதை அவர்கள் உடனே ஏற்றுக்கொண்டதில் எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு காலணி. லட்சுமணன் எழுந்து நின்றே பேசினார்.

"அஞ்சு சைஸ் வாங்கினா அது அஞ்சு கொள்முதல். கொள்முதலைப் பிரிக்கிறது விதிமீறல். அதனால ஒரே சைஸ்தான்."

"எல்லாப் பொம்பளைங்களுக்கும் ஒரே சைஸா?" என்றேன்.

"சட்டத்தின் முன் எல்லாக் கால்களும் சமம்" என்றார் சம்பந்தம்.

அப்படியானால் யாருடைய கால்? பணிமூப்புப் பட்டியலைப் பார்த்தார்கள். மூத்த பெண் ஊழியர் நான். ஆகவே என் கால் 'மாதிரிக் கால்' என்று ஒருமனதாக முடிவாயிற்று. நான் எதிர்த்திருக்க வேண்டும். ஆனால் இத்தனை வருஷத்தில் என் தலைக்கு யாரும் காட்டாத மரியாதையை என் காலுக்குக் காட்டும்போது, தலை குறுக்கிடவில்லை.

லட்சுமணன் டேப்புடன் என்னருகே குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். ஒரு ஆண் அலுவலர் ஒரு பெண் அலுவலரின் காலைத் தொடுவது குறித்து விதிமுறை ஏதும் இல்லை.

"மேடமே வாயால சொல்லட்டும். சுய உறுதிமொழி போதும்" என்றார் சம்பந்தம்.

"ஆறு" என்றேன்.

என் கால் எட்டு. ஆனால் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் கடைகளில் ஆறு என்றுதான் சொல்வேன். கடைக்காரர்களும் என் காலைப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, ஆறுதான்" என்று உள்ளே போய் எட்டாம் நம்பரை எடுத்து வருவார்கள். அது எங்களுக்குள் இருந்த ஒரு நாகரிகம். அந்த நாகரிகம் டெண்டருக்குக் கிடையாது என்று எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு சில வாரங்கள் என் கால் வாழ்ந்த வாழ்வு தனி. அம்பத்தூரிலேயே ஒரு பார்லருக்குப் போய் நகத்துக்கெல்லாம் பாலிஷ் போட்டுக்கொண்டேன். அலுவலக உதவியாளர் துலுக்கானம் என் மேசைக்கடியில் ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார். "கால வச்சிக்கமா. இன்னாத்துக்குத் தொங்க வுட்டுக்கினு கீற?" என்றார். ஒருநாள் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு லீவு போட்டேன். அன்று குழுக் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டார்கள். காரணம், 'கால் விடுப்பில் உள்ளது.'

பெட்டிகள் வந்தன. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். விரல்களை மடக்கினால் குதிகால் வெளியே நின்றது. குதிகாலைத் திணித்தால் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. உள்ளே இருந்த மெத்தையை உரித்து எடுத்து, நகத்தை ஒட்ட வெட்டி, தேங்காய் எண்ணெய் தடவி ஒருவழியாக உள்ளே போனேன். மெத்தென்ற ஷூ வேண்டும் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. மெத்தை குப்பைக் கூடையில் இருந்தது.

அலுவலகத்தில் ஒரே கூச்சல். தட்டச்சர் ஸ்வாதிக்குக் கால் சின்னது. அவள் நடந்தால் கால் முன்னே போனது, ஷூ பின்னால் வந்தது. வஹீதாவுக்கோ நுழையவே இல்லை. எல்லோரும் புகார் எழுதினார்கள். குழு கூடி ஆராய்ந்தது. மாதிரிக் காலுக்குப் பொருந்துகிறதா என்று என்னைக் கேட்டார்கள். பொருந்துகிறது என்றேன். அப்படியானால் காலணியில் குறை இல்லை என்பது தெளிவாகிவிட்டது. மறுநாளே ஒவ்வொருவருக்கும் மெமோ போயிற்று. 'அங்கீகரிக்கப்பட்ட காலணிக்குப் பொருந்தாத கால் வைத்திருப்பதற்கான காரணத்தைத் தெரிவிக்கவும்.'

சாப்பாட்டு வேளையில் வஹீதா மெமோவை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அக்கா, உங்க கால் என் காலவிடப் பெருசு. எனக்கே நுழையல. உங்களுக்கு எப்படிச் சரியா இருக்கு?"

"பழகிடுச்சு."

"அப்ப என் கால்தான் தப்புங்கறீங்களா?"

"அப்படியே ஒரு வரி எழுதிக் குடுத்துடேன். முடிஞ்சுது."

அவள் டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு ஸ்வாதியின் மேசைக்குப் போய்விட்டாள். அன்று வத்தக்குழம்பு மீந்தது. அடுத்த நாளும் மீந்தது. வீட்டில் என் கணவர், "ஏன், நல்லா இல்லையா?" என்று கேட்டார். நன்றாகத்தான் இருந்தது.

தொடக்க விழாவுக்குத் தலைமையகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். பழுப்பு உடையில் நாங்கள் சுவரோரம் வரிசையாக நின்றபோது, பழுதுபார்க்க வந்த பீரோக்கள் போலத்தான் இருந்தோம். ஜரிகை மட்டும் மின்னியது. கொடியசைத்தார்கள். மாதிரிக் கால் முன்னால் நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நடந்தேன்.

"இன்னாமா, நடக்கிறியா, டான்ஸ் ஆடிகினு போறியா?" என்றார் கேட்டருகே நின்ற துலுக்கானம்.

வேப்பமரத்தைச் சுற்றித் திரும்பும்போது இரண்டு கால்களும் மரத்துவிட்டன. பெரிய அதிகாரியின் காருக்கு முன்னால் பொத்தென்று உட்கார்ந்தேன்.

வஹீதாதான் முதலில் ஓடி வந்தாள். கயிற்றை அவிழ்த்து, இரண்டு கையாலும் ஷூவைப் பிடித்து இழுத்தாள். அது கழன்று வந்த வேகத்தில் அவளும் பின்னால் போய் உட்கார்ந்தாள். குதிகாலில் தோல் வழண்டு ரத்தம் கசிந்தது. தரையில் பக்கத்துப் பக்கத்தில் என் காலும் அந்த ஷூவும் கிடந்தன. சுற்றி நின்ற எல்லோரும் காலைப் பார்த்தார்கள், ஷூவைப் பார்த்தார்கள், மறுபடி காலைப் பார்த்தார்கள்.

"பழகிடுச்சாக்கா?" என்றாள் வஹீதா.

கேட்டுவிட்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலியோடு எனக்கும் வந்தது. பெரிய அதிகாரி முன்னால் இரண்டு பேரும் மண்ணில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

எனக்கும் மெமோ வந்தது. 'ஒப்புதல் பெற்ற மாதிரிக் கால், ஒப்புதலுக்குப் பின் முன்அனுமதியின்றி விரிவாக்கம் செய்யப்பட்டிருப்பது தெரியவருகிறது. விளக்கம் அளிக்கவும்.'

வஹீதாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் எழுதினேன். என் கால் எட்டு, ஆறு என்று பொய் சொன்னேன், மற்றவர்கள் கால்களில் தவறில்லை. அவ்வளவுதான். 'மேற்படி' என்ற சொல் இல்லாமல் நான் எழுதிய முதல் அரசுக் கடிதம் அது.

சம்பந்தம் அறைக்குக் கூப்பிட்டார். லட்சுமணனும் விஷ்ணுவும் முன்பே உட்கார்ந்திருந்தார்கள்.

"இதை ஏற்க முடியாது யுவராணி."

"உண்மை சார்."

"உண்மையா இருக்கலாம். நம்புற மாதிரி இல்லையே. நாலு பேர் கொண்ட குழு பரிசீலிச்சு ஒத்துக்கிட்ட கால்."

"நீங்க யாரும் பாக்கவே இல்லையே சார்."

"அதை வெளியில சொல்லிட்டிருக்காதீங்க."

லட்சுமணன் கையெடுத்துக் கும்பிட்டார். "மேடம், கால் வளர்ந்துடுச்சுன்னு எழுதிக் குடுத்துடுங்க. யாருக்கும் பிரச்சினை இல்ல. எனக்கு ரிட்டயர்மெண்ட் வருது."

"நாப்பத்தொம்பது வயசுல கால் வளருமா?"

"நடந்தா வளரும் மேடம்" என்றார் விஷ்ணு. அவர் பார்வையில் ஒரு நம்பிக்கை இருந்தது.

நான் யோசித்தேன். மற்றவர்களுக்குக் கொடுத்த மெமோவையெல்லாம் திரும்பப் பெற்றால் எழுதித் தருகிறேன் என்றேன். சம்பந்தம் கண்ணை மூடிக்கொண்டார். அவர்கள் கால்களும் மாறியிருந்தால் திரும்பப் பெற விதியில் இடம் உண்டு என்றார். வெளியே வந்து பெண்களைக் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். வஹீதா முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவள்தான் முதலில் கையெழுத்துப் போட்டாள். அன்று மாலைக்குள் எல்லோருடைய கால்களும் வளர்ந்திருந்தன. ஸ்வாதியுடையது மட்டும் சுருங்கியிருந்தது.

கால்கள் இப்படி நிலையில்லாமல் இருப்பதால் மருத்துவக் காரணம் காட்டி எங்கள் அனைவருக்கும் நடைப்பயிற்சியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அந்தச் சனிக்கிழமை வஹீதாவோடு பூந்தமல்லிக்குப் போனேன். கடையில் வாய்விட்டு "எட்டு" என்றேன். கடை ஒன்றும் இடிந்து விழவில்லை. இப்போது ஆவடி ஸ்டேஷனிலிருந்து முத்தாபுதுப்பேட்டை வீடு வரை அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறேன். வலி பாதி போய்விட்டது. அலுவலகத்துக்கு மட்டும் செருப்பு. சொந்த ஷூ போட்டுவந்தால் திட்டத்துக்குக் கெட்ட பெயர் என்று வாய்மொழி உத்தரவு.

விஷ்ணு அறிக்கை தயாரித்து மேலே அனுப்பினார். 'நடைப்பயிற்சித் திட்டத்தின் விளைவாக நூறு சதவீத மகளிரின் கால்களில் அளவிடத்தக்க மாற்றம்.' எங்கள் அலுவலகத்துக்குச் சிறந்த செயல்பாட்டுக் கேடயம் கிடைத்தது. மேடையில் நாங்கள் எல்லோரும் போய் நின்று கைதட்டல் வாங்கினோம். நானும் ஜரிகைத் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு முன்வரிசையில் நின்றேன். மற்ற மாவட்டங்களும் எங்கள் முறையைப் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவாயிற்று.

போன வாரம் ஒரு மாவட்டத்திலிருந்து பார்வையிட வந்தார்கள். அவர்களுடைய மகளிர் பிரதிநிதி மங்களம் என்று ஒரு அம்மா, பருத்த, சாந்தமான முகம். ஆண்கள் எல்லாம் கேடயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, என்னை மெல்ல ஜன்னலோரம் அழைத்துப் போனார்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? உங்களுக்கு நெஜமா என்ன சைஸ்?"

"எட்டு."

அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. குனிந்து தன் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார். "எனக்கு ஒம்போது. அஞ்சுன்னு சொல்லிட்டேன். ஆர்டர் போயிடுச்சு."

நான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

"கவலப்படாதீங்க மேடம். மூணு மாசத்துல வளந்துடும்."